அளக்காத மாதிரிக்கு ஒப்புதல்

மத்திய பொதுச் சுகாதார, சுற்றுச்சூழல் பொறியியல் அமைப்பின் குடிநீர்க் கையேடு, 1999க்குப் பிறகு முழுமையாகத் திருத்தப்பட்டு 2024 மார்ச்சில் வெளியானது. 24 மணி நேர வழங்கல், டி.எம்.ஏ. என்னும் தனி அளவீட்டுப் பகுதிகளாகப் பிரிப்பு, ஜி.ஐ.எஸ். வரைபடத்தின் மேல் கட்டிய நீரியல் மாதிரி என்ற மூன்றும் அதன் அடிப்படை. அதை ஒட்டித் தயாரான திட்ட அறிக்கைகள் இப்போது மேசைக்கு மேசை நகர்கின்றன. இந்த இதழ் என்ன சொல்கிறது என்று வாசகர்கள் கேட்கிறார்கள். கையேட்டை ஆதரிக்கிறோம். மாடிக் கணக்குப் பார்த்து 7, 12, 17 மீட்டர் என்று எஞ்சு அழுத்தத்தை எழுதிவிட்டு, அது வால்முனைத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் திரும்பிப் பார்க்காத காலம் போனால் நல்லதுதான்.

எந்த மென்பொருள் என்ற சண்டையில் எங்களுக்கு ஆர்வமில்லை. ஈபாநெட்டும் வாட்டர்ஜெம்ஸும் உள்ளே தீர்ப்பது டோடினியும் பிலாட்டியும் வகுத்த அதே சமன்பாட்டு முறையைத்தான். அழுத்தம் சார்ந்த தேவைக் கணக்கு வேண்டுமென்றால் 2020இல் வந்த ஈபாநெட் 2.2 அதைக் காசில்லாமல் தருகிறது. உரிமக் கட்டணம் பற்றிய முறையீடுகளை வேறு இதழுக்கு அனுப்பலாம்.

நமக்குள்ள கேள்வி கேலிபரேஷன், அதாவது மாதிரியைக் கள அளவீட்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது. இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் மறுபடியுமா என்று சலித்துக்கொள்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

புதிய ஊருக்குப் புதிய குழாய் என்றால் உட்புற வழவழப்பைக் குறிக்கும் சி மதிப்பைக் கையேட்டு அட்டவணையிலிருந்து எடுக்கலாம். நம்முடைய திட்டங்களில் பெரும்பாலானவை அப்படியா? பழைய வார்ப்பிரும்பை வைத்துக்கொண்டு நான்கு வார்டுக்கு எச்.டி.பி.இ. சேர்ப்பதுதான் வழக்கம். அந்தப் பழைய குழாய்க்கு 100 என்று போட்டு, உள்ளே உண்மையில் 60 ஆக இருந்தால், தலை இழப்பு இரண்டரை மடங்கு. துருக்கட்டியால் 100 மி.மீ. குழாயின் துளை 75 ஆகச் சுருங்கியிருந்தால், சி மதிப்பைத் தொடாமலே நான்கு மடங்கு. தரைமட்டத்தைச் செயற்கைக்கோள் உயரத் தரவிலிருந்து எடுத்திருந்தால் பிழை பல மீட்டர் வரை போகும். நாம் தேடுவதோ 7 மீட்டர் அழுத்தம். இத்தனையும் ஒரே மாதிரிக்குள் இருக்க, அச்சிட்ட அட்டவணையில் ஒவ்வொரு நோடுக்கும் இரண்டு தசம இடம் வரை அழுத்தம் வந்துவிடுகிறது.

அளந்தால் மட்டும் போதாது என்பதும் உங்களுக்குத் தெரியும். மாதிரி 14 மீட்டர் காட்டும் இடத்தில் அழுத்தமானி 5 காட்டினால், எளிய வழி சி மதிப்பைக் குறைத்துக்கொண்டே போவது. 45க்கு வந்ததும் இரண்டும் ஒத்துப்போகும். தெருமுனையில் என்றோ பாதி மூடிய வால்வு மூடியபடியே கிடக்கும். அது எங்கே இருக்கிறது என்பது தண்ணீர் திறந்துவிடும் ஊழியருக்குத் தெரியும். அவரைக் கேட்டதாக எந்த அறிக்கையிலும் ஒரு வரி இருப்பதில்லை. (அவருடைய பதவிப் பெயர்கூட அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை.)

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு மணி நேரம் தண்ணீர் விடும் ஊரில் எதை எப்போது அளப்பது? குழாய் காற்றை வெளியே தள்ளி நிரம்பவே முதல் பகுதி நேரம் போய்விடும். குழாய் எப்போதும் நிரம்பியிருக்கும் என்று நம்பும் ஈபாநெட்டுக்கு அந்த நேரம் புரியாது. நிரம்பிய பிறகு வீட்டுக்கு வீடு சம்ப் திறந்திருக்கும், பாதித் தெருவில் மோட்டார் குழாயிலிருந்து நேரடியாக உறிஞ்சும். அங்கே தேவை என்பது தலைக்கு 135 லிட்டர் அல்ல, கிடைக்கும் வரை இழுப்பதுதான். அழுத்தம் சார்ந்த கணக்கு இல்லாமல் இந்த நேரத்தை மாதிரியாக்கினால் நோடுகளில் எதிர்மறை அழுத்தம் வரும். உடனே தேவையைக் குறைத்துத் திருத்திவிடுகிறார்கள். வேலை செய்யும் வழி ஒன்று இருக்கிறது. ஒரு டி.எம்.ஏ.வை மட்டும் தனித்துப் பிரித்துத் தொடர்ந்து தண்ணீர் விட வேண்டும். பதிவுமானிகளை வைத்து, ஹைட்ரண்ட் அல்லது கழிவு வால்வைத் திறந்து ஓட்டத்தைக் கூட்ட வேண்டும். தலை இழப்பு மானியின் பிழையைத் தாண்டும் அளவுக்கு வந்த பிறகே சி மதிப்பைப் பற்றிப் பேசலாம். இதற்கு ஆளும் நாளும் பணமும் வேண்டும்.

அந்தப் பணம் எங்கே? பள்ளம் தோண்ட, பாறை உடைக்க, சாலையைச் சீரமைக்க என ஒவ்வொன்றுக்கும் மதிப்பீட்டில் உருப்படி உண்டு. அழுத்தம் அளக்க ஓர் உருப்படியைக் கடைசியாக எந்த மதிப்பீட்டில் பார்த்தீர்கள்? ஒப்புதல் தரும் அதிகாரிகள் மாதிரியைக் கேட்கிறார்கள். கிடைப்பது நூற்றுக்கணக்கான பக்க அச்சுத்தாள். உள்ளீட்டுக் கோப்பைக் கேட்பதில்லை. கேட்காததால் அது ஆலோசகரின் கணினியிலேயே தங்கிவிடுகிறது. ஐந்து வருடம் கழித்து ஒரு புதிய குடியிருப்புக்கு இணைப்புத் தர வேண்டிய நகராட்சிப் பொறியாளர் வெறுங்கையோடு நிற்கிறார். மாற்றத் தெரியாதவர் என்று பிறகு அவரைத்தான் குறை சொல்வார்கள். தணிக்கை கேட்பதும் பக்க எண்ணிக்கையைத்தான். கையேட்டுக்கும் ஒப்புதலுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி தற்செயல் என்று நம்ப எங்களுக்குக் கடினமாக இருக்கிறது. அளந்தால் சில திட்டங்கள் தேவைப்படாது என்பதும் சில திட்டங்கள் போதாது என்பதும் வெளியே வந்துவிடும்.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. உள்ளீட்டுக் கோப்பு இல்லாத அறிக்கைக்கு ஒப்புதல் தரக்கூடாது. கள அளவீட்டுக்குத் தனி உருப்படியும் தனித் தொகையும் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். இவை நடக்கும்வரை எங்கள் கையில் உள்ளதைச் செய்கிறோம். ஏற்கெனவே இயங்கும் வலையமைப்பு பற்றி இந்த இதழுக்கு வரும் ஆய்வுக் கட்டுரையில் அளந்த அழுத்தமும் கணித்த அழுத்தமும் அருகருகே இல்லையென்றால் அடுத்த இதழிலிருந்து அதை வெளியிட மாட்டோம். அளந்த நாள், நேரம், அப்போது எந்த வால்வு திறந்திருந்தது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.