நாரி நோவு: கடன்பட்டு எடுக்கும் ஸ்கான் எதைச் சொல்கிறது?

ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கையில் நாரி நோவு இல்லாத வீடு குறைவு. வாவியில் வலை இழுப்பவர், படுவான்கரை வயலுக்குக் கூலிக்குப் போகும் பெண், மூட்டை தூக்குபவர், தறியில் குனிந்திருப்பவர் என எல்லோருக்கும் அது இருக்கிறது. எனது உறவினர் ஒருவர் மனைவியின் பெயரில் குழுக்கடன் எடுத்து, தனியாரிடம் எம்.ஆர்.ஐ. ஸ்கான் செய்தார். ‘டிஸ்க் பிதுங்கியிருக்கிறது’ என்றது அறிக்கை. அன்று தொடக்கம் அவர் தோணியைத் தொடவில்லை. கடன்காரர் மட்டும் வாராவாரம் வந்து போகிறார்.

அந்த அறிக்கை சொன்னது பொய்யல்ல. ஆனால் அவரது நோவுக்கு அதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. முதுகு நோவே இல்லாத 3,110 பேரின் ஸ்கான்களைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015 இல் வெளியானது. 20 வயதினரில் 30 சதவீதமானோருக்கும், 50 வயதினரில் 60 சதவீதமானோருக்கும் டிஸ்க் பிதுக்கம் காணப்பட்டது. தலை நரைப்பதைப் போல முள்ளந்தண்டிலும் வயது தெரிகிறது. நாரி நோவுடன் வருபவர்களில் ஏறத்தாழ 90 சதவீதமானோருக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது என்பதே வைத்திய ஆய்வுகளின் முடிவு.

மருந்திலும் இதே கதைதான். புதிதாக வந்த நாரி நோவில் பரசிட்டமோல் வெறும் மாத்திரையை விட விரைவாகக் குணமாக்கவில்லை என்று 2014 இல் அவுஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அபின் வகை வலிநிவாரணியும் பயன் தரவில்லை என்று 2023 இல் இன்னோர் ஆய்வு சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட நாரி நோவுக்கு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி, நோவைப் பற்றிய விளக்கம், உளவியல் துணை ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டி, இழுவைச் சிகிச்சை, அபின் வகை மருந்து ஆகியவற்றை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்றது. நோவிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடத்தி 2024 இல் வெளியான ஆய்வில், வழிகாட்டலுடன் நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு நோவு திரும்பிவர இடைநிலையாக 208 நாட்கள் எடுத்தது. செய்யாதவர்களுக்கு 112 நாட்கள்.

ஆனால் இந்த ஆய்வுகள் எங்கள் உடம்புகளில் நடக்கவில்லை. எங்களில் பலர் ஷெல் துண்டுகளுடன் வாழ்கிறோம். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரியதொரு காந்தம். உடலுக்குள் இருக்கும் இரும்புத் துண்டை அது அசைக்கலாம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் என்றால் ஆபத்து. துண்டு இருப்பதை முன்கூட்டியே சொன்னால், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். ‘எங்கே காயப்பட்டாய்’ என்ற கேள்விக்குப் பயந்து இதை மறைப்பவர்களை நான் அறிவேன். எங்கே, எப்படி என்பதைச் சொல்லாவிட்டாலும், உள்ளே துண்டு இருக்கிறது என்பதையாவது சொல்லுங்கள்.

இன்னொன்று. இழப்பும் பயமும் நித்திரையின்மையும் நோவைக் கூட்டுகின்றன. இதன் பொருள் நோவு கற்பனை என்பதல்ல. நோவை உணர்த்துவது நரம்பும் மூளையும். பதினைந்து, இருபது வருடமாக விழித்திருக்கும் உடம்புக்கு அந்த உணர்வு கூர்மையாகிறது. இதை வைத்தியரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால்கள் பலமிழப்பது ஆகியவற்றுக்கு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமின்றி மெலிவு, முன்னர் புற்றுநோய் இருந்தமை, பலமான விழுகை என்பவற்றையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். காசநோய் முள்ளந்தண்டையும் தாக்கும்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நாட்டை விட்டுச் சென்ற வைத்தியர்கள் பலர். வெளிநோயாளர் வரிசையில் நின்றவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஸ்கான் இயந்திரம் கேட்டு அரசியல்வாதிகளிடம் மகஜர் கொடுக்கும் நாங்கள், கிராமத்து வைத்தியசாலைக்கு இயன்மருத்துவரையும் உளநல ஆலோசகரையும் கேட்பதில்லை. ‘பாரம் தூக்காதே, ஓய்வெடு’ என்பது நாட்கூலிக்காரனுக்கு மருந்தல்ல, பட்டினி. எப்படி அசைவது, எப்படிப் படிப்படியாக வேலைக்குத் திரும்புவது என்று சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும்.

உறவினர் இப்போது விடியலில் வாவிக்கரையோரம் நடக்கிறார். நோவு இன்னும் முற்றாக விடவில்லை. ஆனால் போன கிழமை தோணியை வெளியே இழுத்துத் தார் பூசினார். அந்த அறிக்கை இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது. அதற்கான கடனும் இன்னும் முடியவில்லை.