எண் உயர்ந்தால் நோய் தீருமா?

பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சீட்டில் ‘ஹீமோகுளோபின் 9 கிராம்’ என்று எழுதித் தருவார்கள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதே அதன் பொருள். உயர்நிலைப் பள்ளி மாணவிக்கு அது 12 கிராமுக்குக் குறையக்கூடாது. எங்கள் திருமயம் வட்டாரத்தில் இந்த எண் குறைந்தால் உடனே கிடைக்கும் அறிவுரை, ‘இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடு, முருங்கைக்கீரை சாப்பிடு’ என்பதுதான். பெரும்பாலோருக்கு அது சரியான அறிவுரையே. ஆனால் எல்லோருக்கும் சரியாகுமா?

உடலில் ஒரு நோய் இருப்பதை அறிவிக்கும் பொருளை நோய்காட்டி எனலாம். மருந்து சென்று பற்றிச் செயல்படும் பொருள் மருந்தின் இலக்கு ஆகும். ஏதேனும் ஒரு மனிதப் புரதத்தைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், ‘இது நோய்காட்டி, மருந்துக்கு இலக்கும் ஆகலாம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர்களும் நோய் ஒழிந்தது என்றே எண்ணிக் கொள்கிறார்கள். நோய்காட்டியின் எண்ணைத் திருத்துவது வேறு, நோயாளியைக் குணப்படுத்துவது வேறு என்பது என் கருத்து. காய்ச்சல்காரரின் வாயிலிருந்து எடுத்த வெப்பமானியை உதறினால் பாதரசம் இறங்கும். காய்ச்சல் இறங்குமா?

ஹீமோகுளோபினின் வரலாற்றையே சான்றாகக் கொள்வோம். இதில் இயற்பியல் ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டாம். 1949இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங் குழுவினர், அரிவாள் செல் சோகை நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் மற்றவர்களுடையதினின்றும் வேறுபட்டு நகர்வதைக் கண்டனர். ஒரு நோயின் காரணம் ஒரே மூலக்கூறில் இருப்பது அப்போதுதான் முதன்முதலாக வெளிப்பட்டது. பிழை எங்கே என்பதை 1956இல் வெர்னான் இன்கிராம் காட்டினார். ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள் உள்ளன. அவற்றுள் பீட்டா சங்கிலிகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 146 அமினோ அமிலங்கள். ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து அமர்ந்துவிடுகிறது. பிழை அவ்வளவுதான்.

விளைவோ பெரிது. ஆக்ஸிஜனை இழந்ததும் இந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமான செவ்வணு அரிவாள்போல் வளைகிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும்போது தாங்க முடியாத வலி உண்டாகிறது. 120 நாள் வாழ வேண்டிய செவ்வணு 10 முதல் 20 நாட்களிலேயே அழிகிறது. சோகை வருவது இதனால்தான்.

இது ஏதோ அயல்நாட்டு நோய் என்று எண்ணிவிடாதீர்கள். நமது மாநிலத்தின் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இக்குறை இருப்பதை லேமன், கட்புஷ் ஆகிய இருவரும் 1952இலேயே வெளியிட்டனர். பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்து சேர்ந்த குழந்தைக்கு நோய் ஏற்படுகிறது. அக்குழந்தையின் சீட்டிலும் ‘9 கிராம்’ என்றே இருக்கக்கூடும். இரும்பு மாத்திரையால் அதன் நோய் தீராது. அடிக்கடி இரத்தம் ஏற்றப்பட்டவர் உடலிலோ இரும்பு மிகுந்தே போய்விடும். (பள்ளியில் தரும் மாத்திரையை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எண் குறைந்ததன் காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்பதே செய்தி.)

இனி மருந்துக்கு வருவோம். வாக்ஸலோட்டர் என்ற மருந்து நேராக ஹீமோகுளோபினையே பற்றி, ஆக்ஸிஜனை விடாமல் பிடித்திருக்கச் செய்தது. ஆக்ஸிஜன் இருக்கும்வரை இழை உண்டாகாது. அழகான சிந்தனை! 24 வாரச் சோதனையில் உரிய அளவு மருந்து உட்கொண்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஹீமோகுளோபின் 1 கிராமுக்கு மேல் உயர்ந்தது. அந்த எண்ணை நம்பி 2019இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. வலி குறைந்தது என்று நிலைநாட்டப்படவில்லை. ஆக்ஸிஜனை இறுகப் பிடித்திருக்கும் ஹீமோகுளோபின் அதைத் திசுக்களுக்கு எப்படிக் கொடுக்கும் என்று சிலர் முன்பே ஐயுற்றனர். பின்னர் வந்த ஆய்வுகளில், மருந்து உட்கொண்டோரிடையே வலித் தாக்குதலும் இறப்பும் மிகக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. 2024 செப்டம்பரில் அம்மருந்து உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

இதற்கு மாறான இன்னொரு மருந்து ஹைட்ராக்ஸியூரியா. பழையது, விலை குறைந்தது. கருவிலிருக்கும்போது நமக்கிருந்த ஹீமோகுளோபினை அது மீண்டும் பெருகச் செய்கிறது. 1995இல் வெளியான அதன் சோதனையில் ஆய்வாளர்கள் முதன்மையாக எண்ணியது வலித் தாக்குதல்களை. ஆண்டுக்கு எத்தனை முறை நோயாளி வலியால் துடித்தார் என்று கணக்கிட்டனர். அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இன்றும் அந்த மருந்து பயன்படுகிறது.

வலியை எண்ணி முடிக்க ஆண்டுகள் ஆகும், இரத்தத்தின் எண்ணோ சில வாரங்களில் தெரிந்துவிடும், மருந்தில்லாத நோயாளி எத்தனை காலம் காத்திருப்பார் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே எண்ணை நம்பித் தற்காலிக அனுமதி தருவதை நான் குறை கூறவில்லை. ஆனால் அன்றே வலியையும் எண்ணத் தொடங்க வேண்டும். அந்தக் கணக்கு வரும்வரை ‘வெற்றி’ என்று சொல்லக்கூடாது.

இந்திய அரசு 2023 ஜூலையில் அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதும் 2047க்குள் நோயை ஒழிப்பதும் அதன் நோக்கங்கள். சோதனை கட்டாயம் தேவை. எனினும் எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதும் ஓர் எண்தான். நோய் கண்டறியப்பட்ட பழங்குடிச் சிறுமிக்கு மாத்திரை மாதந்தோறும் மலையேறி வருகிறதா? அவள் இந்த ஆண்டு வலியால் எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை? நாம் எண்ண வேண்டியது அந்த நாட்களை.