எண்ணிக்கையை எழுதாதீர்கள்

நோர்வூட்டில் என் வீட்டு விறாந்தையில் மாலை வேளைகளில் கணித வகுப்பு நடத்துகிறேன். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் பிள்ளைகள் விடவில்லை. பக்கத்துத் தோட்டத்து லயங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். சென்ற மாதம் தரம் பத்துப் பையன் ஒருவன் போனை நீட்டிக்கொண்டு வந்து கேட்டான்: “டீச்சர், மூவாயிரத்து எண்ணூறு மீற்றர் தூரத்துல இருந்து ஒருத்தரச் சுட்டிருக்காங்க. குண்டு போய்ச்சேர ஒம்பது செக்கன் ஆச்சாம். அதுக்குள்ள அது எவ்வளவு கீழ எறங்கியிருக்கும்?”

2023 நவம்பரில் உக்ரேன் போரில் நடந்ததாக அறிவிக்கப்பட்ட சூடு அது. சுட்டவர் 58 வயதான ஒரு ஸ்நைப்பர். பலகையில் கணக்கை எழுதினேன். ஒன்பதின் வர்க்கம் எண்பத்தொன்று; 9.8 ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 397 மீற்றர். காற்றின் தடையைச் சேர்க்காமல் போட்ட கணக்குத்தான். ஆனாலும் ஒரு மலை உயரத்துக்கு மேலே குறிவைத்தால்தான் கீழே நிற்கும் மனிதன்மேல் குண்டு விழும் என்பது பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. ஒருவன் விசிலே அடித்துவிட்டான். வர்க்கத்தையும் ஈர்ப்பையும் நாற்பது வருடம் கற்பித்திருக்கிறேன். இவ்வளவு கவனமாக ஒரு வகுப்பு என்னைக் கேட்டதில்லை.

செத்தது யார் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தத் திறமையை நான் குறைத்துப் பேச வரவில்லை. நீண்ட தூரத்துக்குக் குறிபார்த்துச் சுடுவது மனித உடலும் கணிதமும் சேர்ந்து செய்யும் கடினமான வேலை. மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு தொடங்குவதற்குள் விசையை இழுக்க வேண்டும். இடையில் மூன்று பள்ளத்தாக்கு இருந்தால் மூன்றிலும் காற்று வேறு வேறு திசையில் அடிக்கும். புல்லின் அசைவையும் கானல் நெளிவதையும் பார்த்து அதைக் கணிக்க வேண்டும். நம் நுவரெலியாவைப் போல ஆறாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் குண்டு சமவெளியில் இறங்குவதைவிடக் குறைவாகவே இறங்கும். பூமி சுழல்வதைக்கூடக் கணக்கில் சேர்ப்பார்கள். பக்கத்தில் படுத்துத் தூரநோக்கியால் பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். பல மணி நேரம், சில வேளை நாள்கணக்கில், அசையாமல் கிடக்க வேண்டும். அந்தப் பெயரே ஒரு குருவியிடமிருந்து வந்தது. ‘ஸ்நைப்’ என்பது நம் உள்ளான். ஆண்டிறுதியில் வடக்கிலிருந்து நம் தீவின் சதுப்புகளுக்கும் வரும்; கிளம்பினால் வளைந்து வளைந்து பறக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் அதைச் சுட்டு வீழ்த்துவதைப் பெரும் கெட்டித்தனமாக நினைத்தார்கள். அந்த வேட்டைச் சொல்தான் பிறகு மனிதனைச் சுடுகிறவனுக்கும் பெயரானது. ஈழப்போர்க் காலத்துத் தமிழ்ச் செய்திகள் அதைப் ‘பதுங்கிச் சூடு’ என்றன. நான் கேட்ட தமிழ்ச் சொற்களில் இவ்வளவு உண்மையான சொல் குறைவு.

என் வருத்தம் திறமையைப் பற்றியது அல்ல. அதை எதனால் அளக்கிறோம் என்பதைப் பற்றியது. பையன் காட்டிய போனில் ஒரு பட்டியல் இருந்தது. இன்னாருக்கு 500, இன்னாருக்கு 309, இன்னாருக்கு 160. கிரிக்கெட் ஓட்டங்களைப் போல வரிசையாக, நாட்டுக் கொடியோடு.

முதலிடத்தில் இருந்தவர் பின்லாந்தின் சிமோ ஹைஹா. 1939, 40 குளிர்காலப் போரில் சோவியத் படைக்கு எதிராக நின்ற விவசாயி. தூரநோக்கிக் கண்ணாடியே பொருத்தாத துப்பாக்கி. வாயிலிருந்து வரும் ஆவி காட்டிக்கொடுக்காமலிருக்க வாயில் பனியை அடக்கிக்கொள்வாராம். ஐந்நூறு பேர் என்ற கணக்கை உலகம் இன்றுவரை கொண்டாடுகிறது. அவர் தன் கைப்பட எழுதிய குறிப்பேடு 2017 இல்தான் வெளியே வந்தது. அந்தக் கணக்குக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘பாவப்பட்டியல்’. 2002 இல் 96 வயதில் இறக்கும்வரை அதைப் பற்றி வெளியே பெருமை பேசாத மனிதர். சுட்டவரே பாவம் என்று எழுதி வைத்ததை, சுடாத நாம் சாதனை என்று பிள்ளைகளிடம் கொடுக்கிறோம்.

எண்ணிக்கைப் பைத்தியம் நம் மலைக்கும் புதிதில்லை. தேயிலை வருவதற்கு முன்னால், பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் சுட்டுக் கொன்ற யானைகள் ஆயிரத்து நானூறுக்கு மேல் என்பார்கள். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார், நுவரெலியாவில் புதைத்தார்கள். யானை கூட்டமாகத் திரிந்த அந்த உயரத்தில் இன்று யானை கிடையாது. யானைகளின் கணக்கு நூல்களில் நின்றுவிட்டது. காட்டை வெட்டித் தேயிலை நட்டு, அங்கேயே புதைந்துபோன நம் பாட்டன் பாட்டிகள் எத்தனை பேர் என்று யாரும் அப்படி எண்ணி வைக்கவில்லை.

தியத்தலாவையைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். தென்னாபிரிக்கப் போயர்கள் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுவதில் பேர்போனவர்கள். பிரித்தானியப் படை அதை அவர்களிடம் அடிவாங்கித்தான் கற்றது. அவர்களில் ஐயாயிரம் பேர்வரை 1900 முதல் தியத்தலாவையில் போர்க்கைதிகளாக அடைக்கப்பட்டிருந்தார்கள். இன்று நம் இராணுவம் குறிசூட்டு வீரர்களைப் பயிற்றுவிப்பதும் அதே தியத்தலாவையில்தான். பதுளை ரயிலில் போகும்போது அந்தப் புல்மேடுகளை எல்லோரும் ஜன்னலால் படம் எடுப்பார்கள்.

இந்த நாட்டில் பதுங்கிச் சூட்டில் இறந்தவர்களில் எல்லோருக்கும் பெயர் தெரிந்தவர் லக்ஷ்மன் கதிர்காமர் ஒருவர்தான். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த தமிழர், வெளிநாட்டமைச்சர். 2005 ஆகஸ்ட் 12 இரவு, கொழும்பில் தன் வீட்டு நீச்சல் தடாகத்திலிருந்து எழுந்து வரும்போது சுடப்பட்டார். அயல் வீட்டு மாடியில் துப்பாக்கி ஊன்றிய முக்காலி கிடந்தது. அரசாங்கம் புலிகளைக் குற்றம் சாட்டியது, அவர்கள் மறுத்தார்கள். ஓர் அமைச்சருக்கே நிலை இது. ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு அது. ஆள் விழுந்த பிறகுதான் சத்தம் வந்து சேரும். சுட்டவனின் முகத்தைச் சுடப்பட்டவர் பார்ப்பதே இல்லை.

எங்கள் மலையில் வேறுவிதமான சூடுகளும் நடந்திருக்கின்றன. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். விசாரணைக் குழு அமர்ந்தது. அவருடைய மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜராகிச் சுட்ட பக்கத்தைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டார். 1977 மே 11 அன்று, தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்றபோது டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் பொலிஸ் சூட்டில் விழுந்தார். நான் அப்போது புதிதாக ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். பெரட்டுக்களத்தில், நிறுவையில், கோயில் வாசலில், எங்கும் அந்தப் பெயர்தான். நியாயம் முழுதாகக் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு குண்டுக்கு ஒரு பெயர் இருந்தது. மலையகம் இன்றும் அந்த இரண்டு பெயர்களையும் சொல்லித்தான் மாலை போடுகிறது.

இதையெல்லாம் எழுதவைத்தது என் அண்ணன் மகன்.

1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு, இங்கே இனி வேண்டாம் என்று அண்ணன் குடும்பத்தோடு கிளிநொச்சிக்குப் போய்விட்டார். அந்த நாட்களில் தோட்டத்துச் சனம் அப்படி நிறையப் போனது. காட்டை வெட்டிக் கச்சான் போட்டார்கள், கிணறு தோண்டினார்கள். மகன் பிறந்தது அங்கேதான். யுத்தம் திரும்பவும் தொடங்கியபோது வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் அவனையும் கொண்டுபோனார்கள். 2007 இல் முகமாலை முன்னரங்கில் இறந்தான். அவனோடு பதுங்குகுழியில் இருந்த பையன் பிறகு அண்ணியிடம் வந்து சொல்லியிருக்கிறான்: காலை நேரம், சண்டை எதுவும் இல்லை, தண்ணீர்க் கானை எடுக்கக் கொஞ்சம் நிமிர்ந்தான், ஒரே ஒரு சூடு. கான் கையில் இருக்கவே சரிந்துவிட்டான். தண்ணீர் கொட்டி மண் நனைந்ததைத்தான் அந்தப் பையன் முதலில் பார்த்தானாம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

எங்கோ ஒரு கொப்பியில் அன்று ஓர் எண் ஒன்றால் கூடியிருக்கும். எதிர்ப்பக்கத்து அரணிலும் அதே காலத்தில் இப்படிச் சரிந்த சிங்களப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களும் இன்னொரு கொப்பியில் எண்ணாகத்தான் ஏறியிருப்பார்கள். போர் நடந்த வருடங்களில் இரண்டு தரப்பும் தினமும் எண்ணிக்கை வெளியிட்டன. பத்திரிகைகள் அப்படியே போட்டன. நானும் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அவற்றை வாசித்தவள்தான். ஒரு நாளும் அது என்னைச் சுடவில்லை, எங்கள் வீட்டு எண் அதில் சேரும்வரை.

ஆகவே பத்திரிகை ஆசிரியர்களுக்கும் யூடியூப்பில் போர்க்கதை சொல்லும் தம்பிமாருக்கும் என் வேண்டுகோள் இது. தூரத்தை எழுதுங்கள், காற்றை எழுதுங்கள், துப்பாக்கியின் நுட்பத்தையும் எழுதுங்கள். கொலைத் தொகையைத் தலைப்பில் போட்டு வீரத்தின் அளவுகோலாக்காதீர்கள். ஆசிரியர்களே, பிள்ளை இந்தக் கணக்கைக் கேட்டால் விரட்டாமல் செய்து காட்டுங்கள். விடை வந்த பிறகு, அந்த முனையில் நின்றவன் யார் என்று நீங்களே கேளுங்கள். அடுத்த நாள் வகுப்பில் நான் கேட்டேன். போனை நீட்டிய பையன் நெடுநேரம் தேடிவிட்டு, “எதுலயும் இல்ல டீச்சர்” என்றான்.

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்கிறேன். எந்தப் பக்கத்தில் நின்று இறந்திருந்தாலும், பெற்றவள் தன் வீட்டில் படம் வைத்து விளக்கேற்றினால் வாசலில் யாரும் வந்து விசாரிக்கக் கூடாது. போர் முடிந்து வருடங்கள் போய்விட்டன. அண்ணன் வன்னியிலேயே இறந்தார். அண்ணி இப்போது என்னோடு நோர்வூட்டில் இருக்கிறார். மகனின் படத்தை அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

இந்தக் கட்டுரையில் அவன் பெயரைப் போடட்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன். வேண்டாம், யாராவது தேடி வருவார்கள் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வயதைப் போடலாம் என்றார். அவனுக்கு 21 வயது.