லேப்புக்குப் பூட்டுப் போட்டால் போதுமா?

காலை நடையில் கூட வரும் நண்பர், தபால் துறையில் ஓய்வு பெற்றவர், போன வாரம் சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னார். அவருடைய பேத்தி படிக்கும் பள்ளியில் பிளஸ் டூ வேதியியல் செய்முறை எல்லாம் இப்போது திரையில்தானாம். உப்புப் பகுப்பாய்வு முழுக்க வீடியோ. பரீட்சைக்கு முன்னால் இரண்டு நாள் மட்டும் லேப்பைத் திறப்பார்களாம். "ஆசிட் பக்கமே பிள்ளைங்க போக வேண்டாம் சார், நமக்கு நிம்மதி" என்றார்.

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் நடத்தியவன். நடந்துகொண்டே பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் அவர் தெரு வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

அந்த இரண்டு நாளைத்தான் முதலில் யோசித்துப் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்கச் சோதனைக் குழாயைத் தொடாத பிள்ளை, அன்றைக்கு அடர் கந்தக அமிலத்தைக் கையில் எடுக்கப் போகிறது. சுற்றிலும் நெரிசல், மனதில் பரீட்சை பயம். விபத்துக்கு இதைவிட வசதி செய்து கொடுக்க முடியாது. குழாயின் அடியை மட்டும் சுடரில் காட்டிக்கொண்டு நின்றால், உள்ளே இருப்பது திடீரென்று பொங்கி வெளியே பாயும். சற்றுச் சாய்த்துப் பிடித்து, மெல்ல அசைத்துக்கொண்டே சூடாக்க வேண்டும். குழாயின் வாய் யார் முகத்துக்கும் நேராக இருக்கக் கூடாது. வீடியோவில் பார்க்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். கைக்குப் பழக ஐந்தாறு வாரமாவது ஆகும்.

பியூரெட்டும் அப்படித்தான். மேடைமேல் ஸ்டாண்டில் மாட்டிய பியூரெட்டின் வாய், நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தலைக்கு மேலே இருக்கும். குதிகாலை உயர்த்தி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு பெர்மாங்கனேட்டை ஊற்றுவார்கள். சிந்தினால் நேரே கண்ணில். கீழே இறக்கி, மார்பளவில் வைத்துக்கொண்டு ஊற்று என்று ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்வேன். சொல்லிச் சலித்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் படித்த காலம் பத்திரமான காலம் என்று நான் வாதாடவில்லை. பிப்பெட்டை வாயால் உறிஞ்சினோம். ஆக்சாலிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு எல்லாமே அப்படித்தான். பிப்பெட்டின் நுனி கரைசலை விட்டு மேலே வந்தால் போதும், காற்றோடு சேர்ந்து மடக்கென்று வாய்க்குள் பாயும். துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த அளவு எடுப்போம். ஆக்சாலிக் அமிலம் விஷம் என்று பாடத்தில் படித்தது வேறு, வாயில் பட்டது வேறு. பிப்பெட்டில் மாட்டும் ரப்பர் பல்ப் அப்போதே உலகத்தில் இருந்தது. எங்கள் ஊருக்கு வரவில்லை. இன்றைக்கும் பல லேப்களில் அது மேஜை டிராயரில் பத்திரமாகத் தூங்குகிறது.

ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. படித்த எவரும் இதைச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அடர் கந்தக அமிலம் தண்ணீரைவிட 1.84 மடங்கு கனம். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் மேலேயே தங்கும். இரண்டும் சேரும் இடத்தில் பிறக்கும் கடும் சூட்டில் அந்தக் கொஞ்சத் தண்ணீர் கொதித்து, ஆசிட்டையும் சேர்த்துத் தெறிக்கும். மாற்றிச் செய்தால் ஆசிட் கீழே இறங்கும், சூட்டை மொத்தத் தண்ணீரும் வாங்கிக்கொள்ளும். பீக்கரின் வெளிப்பக்கத்தை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்து அந்தச் சூட்டை உணர்ந்த பிள்ளை அதை மறக்காது.

லேப்பைப் பூட்டுவதில் எனக்குள்ள பெரிய பயம் வேறு. ரசாயனம் லேப்புக்குள் மட்டுமா இருக்கிறது? வீட்டுக் கழிவறையில் பாத்ரூம் ஆசிட் இருக்கிறது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடர். நன்றாகச் சுத்தமாகட்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

கிப் உபகரணம் ஞாபகம் இருக்கிறதா? இரும்பு சல்பைடு, நீர்த்த அமிலம், அழுகிய முட்டை நாற்றம். லேப் இருக்கும் பக்கமே போக மாட்டோம் என்று கலைப் பிரிவுப் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அதே ஹைட்ரஜன் சல்பைடுதான் செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் ஆட்களைக் கொல்கிறது. அளவு கூடும்போது அது மூக்கையே மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்கியவன் மயங்கி விழுவான், அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். உள்ளே இறக்கி ஆட்களைச் சாகவிடுவதைத் தடுக்க 2013இல் சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் பத்திரிகையில் அதே செய்தியைப் படிக்கிறோம். லேப்பில் அந்த வாயுவை லேசாக முகர்ந்து, நான் சொன்னதையும் கேட்டுவிட்டுப் போன பிள்ளை, பிற்காலத்தில் வீடு கட்டி, டேங்கைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடும்போது கொஞ்சம் தயங்குவான் என்பது என் நம்பிக்கை.

சரி, லேப்பைத் திறந்து வைத்தால் என்னென்ன வேண்டும்? பள்ளிக்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் சுவரில் தீயணைப்பான் தொங்குகிறதா, மணல் வாளி சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். லேப் குழாயைத் திருகிப் பார்த்த அதிகாரியை நான் பார்த்ததே இல்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மேல்நிலைத் தொட்டிக்குக் காலையில் மட்டும் மோட்டார் போடுவார்கள். பிற்பகல் வகுப்பில் குழாயில் காற்றுதான் வரும். கண்ணில் அமிலம் பட்டால் உடனே, ஓடுகிற தண்ணீரில், இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது கால் மணி நேரம் கழுவ வேண்டும். பிறகுதான் டாக்டர். ஆசிட்டுக்குக் காரம் மாற்று என்று சமையல் சோடாவைக் கரைத்துக் கண்ணில் விடக் கூடாது. குழாயில் தண்ணீர் இல்லாத லேப்பில் மற்ற எது இருந்தும் பிரயோசனம் இல்லை.

அடுத்தது ஆள். எங்களிடம் ஒரு லேப் அட்டெண்டர் இருந்தார். எட்டாவதுதான் படித்திருந்தார். புட்டிகளில் பெயர் எழுதி ஒட்டி, அதன்மேல் மெழுகு உருக்கித் தடவுவார், ஆசிட் ஆவி எழுத்தைத் தின்றுவிடாமல் இருக்க. சுடிதார் ஷாலை இடுப்பில் இறுக்கிக் கட்டாத பெண்ணைப் பர்னர் பக்கம் விட மாட்டார். டிபன் பாக்ஸோடு நுழைகிறவனை வாசலிலேயே திருப்புவார். ஈய உப்பைத் தொட்ட கையால் சோறு பிசைவது அவருக்குக் கொலைக் குற்றம். அவர் ஓய்வு பெற்ற பிறகு நான் அங்கே இருந்தவரை அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. இரண்டு பேர் பார்த்த வேலையை ஒருவர் பார்த்தால், ஒரு கட்டத்தில் லேப் சாவி ஆணியிலேயே தொங்கும். அதை நான் குறை சொல்லக்கூட மாட்டேன்.

ஆசிட் வீச்சு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு பள்ளிகளையும் சேர்த்தே பேசியது. உபயோகத்துக்குப் பதிவேடு வேண்டும், பொறுப்பாளர் ஒருவர் வேண்டும், லேப்பை விட்டு வெளியே போகிறவர்களைச் சோதிக்க வேண்டும். மிக நியாயமான உத்தரவு. ஆனால் பதிவேட்டில் அளவு குறையாமல் இருக்க எளிய வழி புட்டியைத் திறக்காமலே இருப்பது என்று சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள்!

எல்லாப் பழைய சோதனைகளும் தொடர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சோடியத்தை உருக்கிச் செய்யும் லாசைன் சோதனையைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், அதற்கு வீடியோ போதும். பென்சீன், கார்பன் டெட்ராகுளோரைடு, கல்நார் பூசிய கம்பி வலை எல்லாம் போய்த் தொலையட்டும். மீதியை அளவு குறைத்துச் செய்யலாம். சோதனைக் குழாயில் கால் பாகம் ஊற்றிச் செய்யும் பல வினைகளை வெள்ளைப் பரப்பில் இரண்டு மூன்று துளியில் செய்துவிடலாம். நிறமும் வீழ்படிவும் நன்றாகவே தெரியும், சிந்தினாலும் துடைத்துவிடலாம். வெள்ளை டைல்ஸ் துண்டு வீடு கட்டுகிற எந்த இடத்திலும் சும்மாவே கிடைக்கிறது.