தராசு ஒன்று, எடைக்கல் இரண்டு!



அமெரிக்க நீதிமன்றங்களிலே ஒரு தராசு இருக்கிறது. சிற்பிகள் நீதிதேவதையின் கையிலே கொடுத்து வைத்திருக்கிறார்களே, அதைச் சொல்லவில்லை. பொடியை நிறுக்கும் தராசைச் சொல்கிறேன்! குற்றம் சாட்டப்பட்டவனின் வறுமையை அது நிறுப்பதில்லை, வாழ்வை நிறுப்பதில்லை. பொட்டலத்தை நிறுக்கிறது, முள் காட்டும் எண்ணைப் பார்த்து, சிறையிலே கழியவேண்டிய ஆண்டுகளை எண்ணித் தருகிறது!

1986-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸ் இயற்றிய போதைப்பொருள் சட்டம் தந்த தராசு அது. ஹெராயின் 100 கிராம் விற்றாலோ, விற்பதற்கென வைத்திருந்தாலோ, குறைந்தது 5 ஆண்டு. ஒரு கிலோ எனில் 10 ஆண்டு. ஃபெண்டனில் எனும் கொடிய மருந்துக்கு 40 கிராமே 5 ஆண்டைத் தரும். 400 கிராம் 10 ஆண்டைத் தரும். நாற்பது கிராமும் நஞ்சாக இருக்கவேண்டும் என்பதில்லை. கலவையிலே கடுகளவு இருந்தால் போதும், கலந்த மாவுக்கும் சேர்த்தே எடை! அதை உட்கொண்டு ஒருவர் மாண்டாலோ குறைந்தது 20 ஆண்டு, உச்சம் ஆயுள். சட்டம் விட்டுவைத்த சில விலக்குகள் நீங்கலாக, நீதிபதியின் நெஞ்சு இரங்கினாலும் பேனா இறங்காது!

காசு வாங்கினால்தான் குற்றமா? இல்லை. நண்பனுக்குப் பகிர்ந்து கொடுத்தாலும் விநியோகம்தான். இருவர் உட்கொள்கிறார்கள்; ஒருவன் மூச்சு ஒடுங்குகிறது. நலோக்சோன் எனும் மாற்று மருந்தை மூக்கிலே தெளித்தால் உயிர் மீளும். அழைத்தால் ஆம்புலன்சு வரும். கூடவே காவலரும் வருவர்! உதவிக்கு அழைப்போரைக் காக்கும் சட்டங்கள் பெரும்பாலான மாநிலங்களிலே உண்டு. ஆனால், வைத்திருந்த குற்றத்துக்குக் குடை பிடிக்கும் அச்சட்டங்கள், மரணத்துக்குக் காரணமானான் என்ற குற்றச்சாட்டு வரும்போது பெரும்பாலும் குடையை மடக்கிக்கொள்கின்றன. அச்சம் தொலைபேசியைப் பற்றிக்கொள்கிறது, நண்பன் சாகிறான்! அந்த மருந்து இல்லாவிடில் மரணம் நேர்ந்திராது என்று மெய்ப்பித்தாலன்றி 20 ஆண்டுத் தண்டனை நிற்காது என 2014-இல் உச்சநீதிமன்றம் வரம்பு கட்டவேண்டி வந்தது என்றால், அதுவரை அந்த வாள் எவ்வளவு அகலமாக வீசப்பட்டது என்பதை எண்ணிப்பாருங்கள்.

திரையை மாற்றுவோம். காட்சி இரண்டு.

1996-இல் ஆக்ஸிகாண்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது பர்டியூ பார்மா. மற்ற மாத்திரைகளைவிட அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று மருத்துவர்களிடம் ஓதினார்கள் அதன் விற்பனையாளர்கள். 2007-இல், அதன் உறவு நிறுவனமான பர்டியூ பிரெடெரிக், பொய்யாக விளம்பரப்படுத்தியதை நீதிமன்றத்திலே ஒப்புக்கொண்டது. 60 கோடி டாலர் கட்டியது. உயர் அதிகாரிகள் மூவரும் குற்றத்தை ஏற்று 3 கோடியே 45 இலட்சம் டாலர் கட்டினர். சிறை? ஒரு நாளும் இல்லை! நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணிநேரச் சமூகப்பணியும்!

திருந்தியதா நிறுவனம்? 2020-இல் மீண்டும் கூண்டேறி, மருத்துவர்களுக்குக் கையூட்டுத் தந்தது உள்ளிட்ட மூன்று பெருங்குற்றங்களை ஏற்றது. கூண்டிலே நின்றது நிறுவனத்தின் பெயர். பெயருக்கு விலங்கு பூட்ட முடியுமா? உரிமையாளரான சாக்லர் குடும்பம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 1,100 கோடி டாலர். அக்குடும்பத்தில் ஒருவர்மீதும் குற்ற வழக்கில்லை. திவால் தீர்ப்பின் நிழலிலே அக்குடும்பத்துக்கு வழக்குகளிலிருந்து விடுதலை தர முயன்ற உடன்பாட்டை 2024-இல் உச்சநீதிமன்றம் தள்ளியது. 2025-இல் 740 கோடி டாலரில் புதிய உடன்பாடு பிறந்தது. பணம்தான் பேசிற்று; சிறைக்கதவு பேசவில்லை!

1999 முதல் 2023 வரை, அபினி வகை மருந்துகளால் அந்நாட்டில் மாண்டோர் ஏறத்தாழ 8 இலட்சம் பேர். அத்தனை சாவும் ஒரே நிறுவனத்தின் கணக்கு என்பது நேர்மையாகாது. மாத்திரையிலே தொடங்கிய வெள்ளம் ஹெராயினுக்கும், அதன்பின் ஃபெண்டனிலுக்கும் பாய்ந்தது. ஆயினும் மடையைத் திறந்தவன் மாளிகையிலே. வெள்ளத்திலே மிதந்தவன் சிறையிலே!

"தெருவிலே நஞ்சு விற்பவனை விட்டுவிடலாமா?" என்பர் சிலர். விடச் சொல்லவில்லை. ஒரே தராசிலே நிறுங்கள் என்கிறோம். முடியாததா? அமிர்தசரசில் பிறந்த ஜான் கபூர், ஃபெண்டனில் தெளிப்பு மருந்து விற்ற இன்சிஸ் நிறுவனத்தை நிறுவியவர். மருத்துவர்களுக்குக் கையூட்டுத் தந்த வழக்கிலே 2020-இல் அவருக்கு 66 மாதச் சிறை விதிக்கப்பட்டது. ஆகவே சட்டத்துக்குக் கை நீளாமல் இல்லை; நீட்ட மனம்தான் அரிது!

ஒற்றைச் சிலம்புக்காக, உசாவாமல் உயிர் பறித்த மன்றத்தின் முன் நின்று நீதி கேட்ட கண்ணகியை அறிந்தவர்கள் நாம். நாமும் கேட்போம். நோயாளிக்கு மருத்துவமனை; நச்சு வணிகனுக்கு வழக்குமன்றம்; அவன் தெருவோரத்திலே நின்றாலும் சரி, தலைவர் நாற்காலியிலே அமர்ந்தாலும் சரி! கிராமை நிறுக்கத் தெரிந்த தராசுக்குக் கோடியை நிறுக்கத் தெரியாதென்றால், பழுது தராசில் இல்லை. அதைப் பிடித்திருக்கும் கையிலே இருக்கிறது!