எண்ணப்படாத மலை

நமுனுகுல மலை 2,036 மீற்றர் உயரமுடையது. ஒன்பது சிகரங்களால் பெயர்பெற்றது. அதன் சிகரங்களை எண்ணியவர் உளர். அதன் ஈரநிழலில் மக்கும் மரங்களின்மேல் வாழும் உயிர்களை எண்ணியவர் மிகச் சிலரே. அவ்வுயிர்களுள் ஒன்று சளிப்பூஞ்சணம். பெயரிற் பூஞ்சணமாயினும் அஃது அமீபாவின் உறவினது. களிபோற் படர்ந்து, பற்றீரியாவை உண்டு, ஈற்றில் நுண்வித்திகளாய்க் காற்றிற் கலப்பது.

“இதனால் யாது பயன்?” என வினவுவோர் பல்கலைக்கழகங்களுள்ளும் உளர். இவ்வினாவின் வேர் பெருந்தோட்ட வரலாற்றிலே உள்ளது. 1869 இல் இலங்கைக் கோப்பியைத் தாக்கிய துரு நோயின் பங்கசுக்குப் பெயரிட்டோர் பார்க்லியும் புரூமும் ஆவர். கோப்பி வீழ்ந்தது, மலைகள் தேயிலைக்கு மாறின. பயிரைக் கெடுத்த உயிருக்கு ஆய்வும் பணமும் கிடைத்தன. கெடுக்காத உயிரோ தனிமனிதரின் ஆர்வத்தை நம்பியிருந்தது. பேராதனையிற் பணியாற்றிய பெச் 1910 இல் இலங்கைச் சளிப்பூஞ்சணங்களின் பட்டியலை வெளியிட்டமை அத்தகைய ஆர்வத்தின் பேறே. அவரும் 1923 இல் நூலாக்கியது தேயிலைச் செடியின் நோய்களையே.

பட்டியலில் இல்லாதது மலையிலும் இல்லை என்று கொள்வது பெரும்பிழை. பழைய பதிவுகள் சேகரிப்போர் நடந்த பாதையைக் காட்டுவனவேயன்றி, உயிர்கள் வாழும் எல்லையைக் காட்டுவன அல்ல. பேராதனைக்கு அண்மையில் நடந்த கால்கள் பல; ஊவாவில் நடந்தவை சில.

பணமில்லை எனும் சாக்கும் நில்லாது. 1933 இல் கில்பேட்டும் மார்ட்டினும் அறிவித்த முறை மிக எளிது. மரப்பட்டைத் துண்டுகளை ஈரத்தாள் விரித்த மூடிய கிண்ணத்தில் இட்டுச் சில வாரங்கள் நோக்குதலே அது. இனங்காண ஒரு நுணுக்குக்காட்டி வேண்டும். அஃது இல்லாத விஞ்ஞானபீடம் உண்டோ? இல்லாதது நாள்தோறும் கிண்ணத்தைத் திறந்து பார்க்கும் பொறுமையே.

பயன் கேட்போர்க்கும் விடையுண்டு. 2000 இல் யப்பானிய ஆய்வாளர் நாககாகியும் குழுவினரும், மூளையற்ற சளிப்பூஞ்சணமொன்று சிக்கறைக்குள் குறுகிய வழியைத் தேர்வதைக் காட்டினர். அதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்வினத்துக்குப் பெயரிட்டோர் இப்பயனைக் கனவிலும் கண்டிலர். பெயர் முந்தும், பயன் பிந்தும்.

1873 இல் இலங்கை மாதிரியொன்றுக்குப் பார்க்லியும் புரூமும் இட்ட அல்விசியா எனும் பேரினப்பெயர், பேராதனைத் தோட்டத்துச் சித்திரகாரர் டி அல்விஸை இன்றும் நினைவூட்டுகிறது. மலையைத் தோட்டமாக்கிய தொழிலாளரையோ நினைப்பார் அரியர். அவர்தம் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றனர். பதுளையிலேயே 2005 முதல் பல்கலைக்கழகமொன்று இயங்குகிறது. கொழுந்துக்கூடை ஏறியிறங்கும் சரிவுகளை அப்பிள்ளைகள் குறிப்பேட்டுடன் ஏறுவரேல், அம்மலை தேயிலையின் விலையால் மட்டுமன்றித் தன் உயிர்களாலும் அறியப்படும். ஏறாவிடின், அது மலையின் வறுமையன்று, கற்றோரின் வறுமை.