குருவிக்கூடும் அமானிதமே



ரமளான் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒட்டடை அடிப்பதும் வெள்ளையடிப்பதும் தொடங்கிவிடும். தூய்மைக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் இடம் பெரியது. அதில் இரு கருத்தில்லை. ஆனால் கொல்லைச் சுவரின் பொந்திலும், தோட்டத்தில் பிள்ளைகள் ஆசையோடு மாட்டிய மரப்பெட்டியிலும் இருக்கும் குருவிக்கூட்டை, முட்டையோடும் குஞ்சோடும் சேர்த்துக் குப்பைத்தொட்டியில் கொட்டுவதை எந்தக் கணக்கில் தூய்மை என்பது? கேட்டால், "எச்சம் நஜீஸ் ஆயிற்றே, தொழுகிற வீடாயிற்றே" என்கிறார்கள். செய்வது தம் வசதிக்காக. சொல்வது மார்க்கத்தின் பெயரால். அதனால்தான் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஹனஃபி மத்ஹபில், உண்ண அனுமதிக்கப்பட்ட குருவி, புறா போன்ற பறக்கும் பறவைகளின் எச்சம் அசுத்தமாகவே கருதப்படுவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அது நஜீஸ்தான். ஆயினும் தவிர்ப்பது கடினமான இடங்களில் அதற்கு மன்னிப்பு உண்டு என்று அம்மத்ஹபின் அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். நஜீஸ் என்றே வைத்துக்கொண்டாலும் அதற்கு மார்க்கம் காட்டும் வழி என்ன? தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. கழுவ வேண்டிய இடத்தில் கொல்லச் சொன்ன சட்டம் எந்தக் கிதாபிலும் இல்லை.

இஸ்தான்புல் நகரின் உஸ்குதார் பகுதியில் ஆயஸ்மா பள்ளிவாசலும் யெனி வாலிதே பள்ளிவாசலும் இருக்கின்றன. இரண்டும் 18ஆம் நூற்றாண்டில் உஸ்மானியர் கட்டியவை. அவற்றின் வெளிச்சுவர்களில், குருவிகளும் புறாக்களும் தங்குவதற்கென்றே சிறு மாளிகைகளைப் போலக் கல்லில் செதுக்கிய பறவை இல்லங்களை இன்றும் காணலாம். அல்லாஹ்வின் இல்லத்துச் சுவரிலேயே பறவைக்கு வீடு கட்டிக் கொடுத்தவர்கள் நஜீஸின் சட்டம் அறியாதவர்களா? நம் மாடிச் சுவர் அந்தப் பள்ளிவாசல்களைவிடப் புனிதமானதா?

அபூதாவூத் நூலில் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை மதரஸாப் பிள்ளைகள்கூட அறிவார்கள். ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஹும்மரா என்னும் சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதைத் துன்புறுத்தியவர் யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு கட்டளையிட்டார்கள். குஞ்சுகளை எடுத்தவர்கள் அவற்றைக் கொன்றுவிடவில்லை. ஆனாலும் ஒரு தாய்ப்பறவையின் தவிப்பு அங்கே விசாரிக்கப்பட்டது.

பொந்துக்குள் குஞ்சு இருக்கிறதா என்று பாராமல் சிமெண்ட் பூசி அடைப்பவர்கள் மற்றொரு ஹதீஸையும் நினைத்துப் பார்க்கட்டும். ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்திற்குரியவளானாள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. அடைபட்டுப் பசியில் சாகும் குஞ்சின் நிலை அந்தப் பூனையின் நிலையிலிருந்து எவ்வகையில் வேறானது?

"மனிதருக்கே வீடில்லாத காலத்தில் குருவிக்கு வீடா?" என்று கேட்போரும் உண்டு. கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். ஆனால் ஒரு மரப்பெட்டிக்குச் செலவிடும் தொகையால் எந்த ஏழையின் வீடும் நின்றுபோவதில்லை. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது. உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உதவியில் கூலி உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவை தின்பதும் ஸதகாவாக எழுதப்படுகிறது. இரக்கத்தை மனிதருக்கு இவ்வளவு, பறவைக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து, இரண்டுக்கும் கொடுக்காமல் இருப்பதற்குப் பெயர் நீதியன்று, கஞ்சத்தனம்.

அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் செய்தியை வரலாற்றாசிரியர்கள் எடுத்துரைக்கிறார்கள். எகிப்தில் பாபிலோன் கோட்டையை வென்றபின் அலெக்சாந்திரியாவை நோக்கிப் படை புறப்பட வேண்டிய வேளை. அவருடைய கூடாரத்தில் ஒரு புறா கூடு கட்டியிருந்தது. கூடாரத்தைப் பிரிக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்று அவர் உத்தரவிட்டார். திரும்பி வந்தபின் அந்தக் கூடாரத்தைச் சுற்றி எழுந்த நகரமே ஃபுஸ்தாத். அரபியில் அச்சொல்லுக்குக் கூடாரம் என்று பொருள்.

இது அக்காலத்துப் பெரியவர்களுக்கு மட்டுமே இயன்றது என்று சொல்லி நழுவ வேண்டாம். 2020ஆம் ஆண்டு சிவகங்கை மாவட்டத்தின் பொத்தகுடி கிராமத்தில், தெருவிளக்குகளின் சுவிட்சுப் பெட்டியில் ஒரு பறவை முட்டையிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை அவ்வூர் மக்கள் ஒரு மாதத்திற்கும் மேலாகத் தெருவிளக்கை எரியவிடாமல் இருட்டில் நடந்தார்கள். ஓர் ஊரே இருட்டைப் பொறுத்துக்கொண்டது. வெள்ளையடிப்பதைச் சில வாரம் தள்ளிப்போட ஒரு வீட்டாரால் முடியாதா? சிட்டுக்குருவி முட்டையை அடைகாப்பது ஏறக்குறைய 12 நாட்கள். குஞ்சு கூட்டில் இருப்பது மேலும் 15 நாட்கள் அளவில். ஒரு நோன்பு மாதத்திற்குள் அடங்கிவிடும் பொறுமை இது.

மறுபுறம், பறவையைச் சகுனமாக்குவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். குருவி கூடு கட்டினால் செல்வம் பெருகும் என்று பெட்டி மாட்டுகிறார்கள். ஆந்தை வந்து அமர்ந்தால் மரணம் வரும் என்று கல்லெறிகிறார்கள். பறவைச் சகுனத்திற்கு அரபியில் தியரா என்று பெயர். அப்படி ஒன்று இல்லையென்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாகவே மறுத்துவிட்டார்கள். ஆந்தையும் குருவியும் நம் விதியைச் சுமந்து வருபவை அல்ல. அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் அறிவிப்பதுபோல், அவை நம்மைப் போன்ற சமுதாயங்கள். அவற்றை நேசிக்க இந்தக் காரணம் போதும்.

இனிப் பெட்டி மாட்டுவோருக்கும் ஒரு சொல். வெறும் மரப்பெட்டியாக இருக்கும்வரை அது நம் பொருள். அதில் முட்டை விழுந்த நாளிலிருந்து அது அமானிதம். குருவி நம் சுவரை நம்பி வந்துவிட்டது. எனவே நாளுக்கு இருமுறை மூடியைத் திறந்து கைபேசியில் படமெடுத்து ஸ்டேட்டஸ் போடுவது அந்த நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம். தொந்தரவு மிகுந்தால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடவும் கூடும். பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். பொறுமையையும் சேர்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

பெட்டியைச் சரியாக மாட்டுவதும் அமானிதத்தில் அடங்கும். சிட்டுக்குருவிக்கு ஒன்றேகால் அங்குல அகலத் துளை போதும். அதைவிடப் பெரிதானால் பெரிய பறவைகள் உள்ளே நுழையும். துளையின் கீழே குச்சி வைக்க வேண்டாம். குருவிக்கு அது தேவையில்லை, வேட்டையாட வருபவற்றுக்கே உதவும். ஆள் உயரத்திற்கு மேலே, பூனை ஏற முடியாத இடத்தில், மாலை வெயில் நேரே படாதவாறு கூரை விளிம்பின் கீழ் மாட்டுங்கள். சுழலும் மின்விசிறியின் பக்கம் வேண்டவே வேண்டாம். குஞ்சுகள் பறந்தபின் பழைய வைக்கோலை அகற்றிப் பெட்டியைச் சுத்தம் செய்யுங்கள். துடைப்பத்திற்குரிய வேளை அதுதான். குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிகளையே. ஆகவே பெட்டியை மாட்டிவிட்டுச் செடிகளுக்குப் பூச்சிக்கொல்லி தெளிப்பது, விருந்தாளியை அழைத்துவிட்டு அடுப்பை அணைப்பதற்குச் சமம்.

வீட்டின் பெரியவர்களே, தாய்மார்களே, நம் பிள்ளைகளுக்குத் தொழுகையின் ஃபர்ளுகளை மனப்பாடம் செய்விக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். அதே பிள்ளை, தான் மாட்டிய பெட்டியிலிருந்து முட்டைகள் குப்பைக்குப் போவதையும், அதற்கு மார்க்கத்தின் பெயர் சூட்டப்படுவதையும் பார்த்தால், மார்க்கத்தைப் பற்றி என்ன கற்றுக்கொள்ளும்? பலவீனமானவற்றின் மீது கை ஓங்கலாம், அதற்கொரு காரணம் கிடைத்தால் போதும் என்றே கற்றுக்கொள்ளும். நாளை அந்தக் கை மனிதர்மீது ஓங்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இந்த ஆண்டு நோன்புக்கு முன் ஒட்டடைக் கம்பை எடுக்கும்போது, பொந்தையும் பெட்டியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். உள்ளே உயிர் இருந்தால் அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். பெருநாளன்று அந்த ஓரம் வெள்ளையடிக்கப்படாமல் இருப்பதில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

நம் பொறுப்பில் வந்த எந்த உயிரைக் குறித்தும் மறுமையில் வெட்கப்படாதவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.